அண்ணன் எதிரில்

"தமிழு... சுடுதண்ணி ஆச்சான்னு கேளு!"

அறைக்குள்ளிருந்து பெரியண்ணனின் குரல் வந்தபோது பொழுது விடிந்திருக்கவில்லை. கலைமதி அதற்கு முன்பே எழுந்து குளித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள். வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கதவுதான். ஆனாலும் தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தூங்குகிற தம்பியை எழுப்பி, அவன் மூலமாகத்தான் கேட்பார்.

"ஏய்... சுடுதண்ணி..." என்று ஹாலில் பாயில் கிடந்த தமிழ்மணி அரைத் தூக்கத்தில் ஆரம்பித்தான்.

"கேட்டுச்சு. எனக்கும் காது இருக்கு" என்று முணுமுணுத்தபடி கலைமதி வாளியைத் தூக்கினாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது.

ஒரு ஹால், ஓர் அறை, ஓர் அடுப்படி. அவ்வளவுதான் அந்த வீடு. ஸ்ரீரங்கத்தில் அவர்கள் கொடுக்கிற வாடகைக்கு அது கிடைத்ததே பெரிய காரியம். அந்த ஒற்றை அறை மாசி மாதத்திலிருந்து பெரியண்ணனுக்கு. அங்கே இருந்த அவளுடைய தையல் மெஷின் பின்பக்க நடைக்கு வந்துவிட்டது. சாரல் அடித்தால் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புருஷனின் அண்ணன் இருக்கிற வீட்டில் நைட்டியோடு நடமாட அவளுக்கு மனம் வரவில்லை. திருச்சியின் சித்திரை வெயிலை, வேர்க்குருவோடும் புடவையோடும் கழித்தாள். டிவியில் அவருக்கு எந்நேரமும் செய்தி வேண்டும், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால், "தமிழு, உப்பு கொஞ்சம் தூக்கலா இல்ல?" என்று தம்பியிடம் கேட்டுவிட்டு நாலு வாய் குறைத்துச் சாப்பிடுவார்.

அவளாக வேண்டி விரும்பிக் கூட்டி வந்த மனிதர். யாரிடம் போய் முறையிடுவது?

அன்று ஆடிப் பதினெட்டு. துறையூரிலிருந்து நாத்தனார் ஜோதி வருகிறாள். தமிழ்மணிக்கு அக்கா, பெரியண்ணனுக்குத் தங்கை. இரண்டு நாள் முன்பு போனில் அவள் பேசிய பேச்சு கலைமதியின் காதில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. "வரேன், வந்து நேர்லயே கேக்குறேன்... எங்கண்ணன எதுக்குக் கொண்டுபோய் வச்சிருக்கேன்னு!"

எதற்காக என்று கலைமதிக்கு நன்றாகத் தெரியும். வெளியேதான் சொல்ல முடியாது.

போன வருஷ ஐப்பசியில் தமிழ்மணியின் இடது கால் கட்டைவிரல் கறுக்க ஆரம்பித்தது. செருப்பு கடித்ததென்று மஞ்சள் வைத்துக் கட்டினான். புண் ஆறவில்லை. தில்லை நகரில் ஒரு டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டைப் பையைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?" என்றார். ரத்தக் குழாய் சுருங்கிக்கொண்டே வருகிறது, புகையை விட்டால் விரல் தப்பும், விடாவிட்டால் விரலோடு நிற்காது என்றார். கலைமதி அங்கேயே அழுதாள். தமிழ்மணி வெளியே வந்ததும் மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். மாத்திரையோடு சேர்த்து, பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட்டும் வாங்கினான்.

அவன் விட முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கிராம்பு மென்றான். சூயிங்கம் மென்றான். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் தேவதர்ஷினி லீவுக்கு வந்தபோது, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அந்தச் சத்தியம் மறுநாள் கடை திறக்கிற வரைக்கும் தாங்கியது. மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள், ரவிக்கைத் துணியும் லைனிங் துணியும் விற்கிற சின்னக் கடை அவனுடையது. பக்கத்தில் லேஸ், பட்டன் கடை வைத்திருக்கிற நிஜாமுதீன் உயிர்ச் சிநேகிதன். வாடிக்கைக்காரர் வந்தால் ஒரு டீ, போனால் ஒரு டீ. டீ என்றால் கூடவே அதுவும். "நான் விட்டாலும் இந்தச் சந்து விட மாட்டேங்குது மதி" என்றான் ஒருநாள். அன்றைக்கு அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

தை மாதம் பெரியண்ணனின் மனைவி இறந்துபோனாள். காரியம் முடிகிறவரை எல்லோரும் சொந்த ஊரான உப்பிலியபுரத்தில் தங்கினார்கள். அங்கேதான் கலைமதி அதைக் கவனித்தாள்.

தமிழ்மணிக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அண்ணன்தான் வளர்த்தார், படிக்க வைத்தார், கடையும் வைத்துக் கொடுத்தார். அண்ணன் தலை தெரிந்தால் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொள்கிறவன் அவன். ஐம்பதை நெருங்குகிற வயதிலும், தான் புகைப்பது அண்ணனுக்குத் தெரியவே தெரியாது என்கிற ஏற்பாட்டில்தான் வாழ்ந்துகொண்டிருந்தான். துக்கத்தில் இருந்த அண்ணன் அவனை ஒரு நிமிஷம் விடவில்லை. வாய்க்காலுக்குப் போனாலும் கூடவே வந்தார். அந்த நாட்கள் முழுக்க தமிழ்மணி ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லை. கடைசி இரண்டு நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், குறட்டை விட்டுத் தூங்கினான்.

அவ்வளவுதான். கலைமதி பந்தியிலேயே கேட்டுவிட்டாள். "மாமா, இனிமே தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க? எங்களோட வந்து இருங்க. கடையில கல்லாவப் பாத்துக்குங்க." வந்திருந்த பெண்களெல்லாம் மருமகள் என்றால் இவளல்லவா மருமகள் என்று மெச்சினார்கள். அவளுக்குத்தான் உள்ளே குறுகுறுத்தது.

முதல் மாதம் நரகம். வீட்டில் அண்ணன், பஸ்ஸில் அண்ணன், கடைக்குப் போனால் கல்லாவிலும் அண்ணன். நிஜாமுதீனும் பெரியவர் எதிரில் நன்றாயிராது என்று சிகரெட்டோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான். தமிழ்மணிக்குக் கை நடுங்கியது. கோபம் எல்லாம் கலைமதியின் தலையில்தான் விடிந்தது. ஒருநாள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்து பல்லைக் கடித்தான்.

"எதுக்குடி அவரக் கூட்டியாந்த? ஒரு நிமிசம் மூச்சு விட முடியுதா எனக்கு?"

"நீங்க மூச்சு விடணும்னுதாங்க கூட்டியாந்தேன்..."

அவன் அப்படியே நின்றான். புரிந்துவிட்டது. அவளையே பார்த்துவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வைகாசிக்குள் புண் ஆறிவிட்டது. விரலில் புது நகம்கூட முளைத்தது. அவளுக்கு அது போதும். ஆனால் சொந்தக்காரர்களின் வாய் ஆறவில்லை. உப்பிலியபுரத்தில் வெள்ளாமை செய்த காட்டைப் பெரியண்ணன் சின்னையன் என்பவருக்குக் குத்தகைக்கு விட்டதும், ஜோதி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். பிள்ளையில்லாத அண்ணனின் சொத்தை அமுக்கத்தான் கலைமதி அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாளாம்! தமிழ்மணியின் காதுக்கும் அது வந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். சொல்லவில்லை. சொன்னால் அண்ணனுக்குத் தெரிந்துபோகுமே! ஜோதி பேசியதைவிட, இவன் பேசாமல் இருந்ததுதான் கலைமதியை அதிகம் அரித்தது.

பத்து மணிக்கு ஜோதி சின்ன வெங்காயப் பையோடும் உப்பிய முகத்தோடும் வந்து இறங்கினாள். அம்மா மண்டபத்துக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, காவிரிக்குக் காப்பரிசி படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு திரும்பும்வரை அவள் கலைமதியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து இலை போட்டு, எலுமிச்சஞ்சாதமும் தேங்காய்ச்சாதமும் வைத்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"ஏண்ணே, காட்ட சின்னையனுக்கு விட்டுட்டியாமே?"

"ஆமா. நான் இங்க இருக்கேன். அங்க யாரு பாக்குறது?"

"என்னை ஒரு வார்த்த கேட்டியா? இன்னைக்குக் குத்தகை... நாளைக்குக் கிரயம்! எழுதி வாங்கத்தான ஆளையே கொண்டாந்து வச்சிருக்கா!"

கலைமதியின் கையில் கரண்டி நின்றது. "அண்ணி... சாப்புடுற நேரத்துல வேணாமே..."

"ஏன் வேணாம்? எங்கண்ணி செத்துப்போயி ஈரம் காயல, அதுக்குள்ள 'மாமா வாங்க மாமா'ன்னு அழைச்சியே... எனக்கு அப்பவே தெரியும்டி உன் திட்டம்! காட்டுல ராசா மாதிரி நடந்த மனுசன். அவரக் கொண்டாந்து கல்லாவுல குத்த வச்சு, சம்பளம் இல்லாத வேலைக்காரனாக்கிட்டியே! நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

"சத்தியமா இல்லீங்கண்ணி... நான் காட்டுக்கு ஆசப்படல..."

"அப்ப எதுக்குக் கூட்டியாந்த? எந்த ஊர்லடி ஒருத்தி புருசனோட அண்ணன ஆசையாக் கூட்டியாந்து வச்சிக்குறா? காரணத்தச் சொல்லு!"

காரணம் நாக்கு நுனியில்தான் இருந்தது. கலைமதி கணவனைப் பார்த்தாள். அவன் இலையில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைய ஒன்றுமே இல்லாத எலுமிச்சஞ்சாதம்! அவள் வாயைத் திறந்தால் ஜோதியின் வாய் மூடிவிடும். ஆனால் அண்ணன் எதிரில் இவன் தலை பிறகு நிமிராது. இத்தனை மாதம் அடக்கியதை இன்றைக்கும் விழுங்கினாள்.

"சும்மாதான் அண்ணி... தனியா இருக்காரேன்னு..."

ஜோதி சிரித்த சிரிப்பில் பெரியண்ணன் பாதி இலையில் எழுந்துவிட்டார். கை கழுவிவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"தமிழு, என் பைய எடு. நான் ஊருக்குப் போறேன். என்னால ஒரு பொண்ணு பேச்சு வாங்க வேணாம்."

கலைமதி கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் போய்விட்டால்? நாளைக் காலை கடை திறந்தவுடன் இவன் நிஜாமுதீனோடு டீக்கடையில் நிற்பான். அந்தப் புது நகம்... அந்தக் கால்... மானம் ரோஷம் ஒன்றும் தோன்றவில்லை அவளுக்கு. ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்தாள்.

"போகாதீங்க மாமா! இன்னும் கொஞ்ச நாளு... கொஞ்ச நாளு மட்டும் இருங்க மாமா!"

"பாத்தியாண்ணே, பாத்தியா! இன்னும் பத்திரம் எழுதி முடியல போலருக்கு!"

"அக்கா, வாய மூடு!"

தமிழ்மணி எழுந்து நின்றிருந்தான். எச்சில் கை காய்ந்துகொண்டிருந்தது. தரையில் கிடந்த மனைவியைப் பார்த்தான், பிறகு அண்ணனின் கால்களைப் பார்த்தான்.

"அண்ணே... நான் சிகரெட் பிடிப்பேண்ணே."

ஜோதி கையிலிருந்த கவளத்தை இலையில் போட்டாள்.

"காலேஜ்ல படிக்கறப்பலேருந்து... விரலு கறுத்துச்சுல்ல, செருப்பு கடிச்சதுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். சிகரெட்டால வந்ததுண்ணே. விடலைன்னா கால எடுக்கணும்னுட்டாரு டாக்டரு. மகள் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியும் என்னால விட முடியல. உங்க எதிர்ல மட்டும்தான் அத தொட மாட்டேன். அதுக்காகத்தாண்ணே இவ உங்களக் கூட்டியாந்தா! காட்டுக்கும் இல்ல, மேட்டுக்கும் இல்ல... என் காலுக்கு! எனக்கு அது தெரியும். தெரிஞ்சும், உங்க முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னு, ஊரே இவளப் பேசினப்ப வாய மூடிக்கிட்டு இருந்தேன்... நான் ஆம்பளையாண்ணே?"

எச்சில் கையை என்ன செய்வதென்று தெரியாமல், முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவன் அழுதான். கலைமதி கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படி அழுது பார்த்ததில்லை.

பெரியண்ணன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தெரியும்டா" என்றார்.

"அண்ணே!"

"மோட்டார் கொட்டாயில நீ பிடிச்சிக்கிட்டு இருப்ப. வரப்புல வரும்போதே எனக்கு வாடை வந்துரும். நான் அங்கேயே நின்னு செருமுவேன். நீ தூக்கிப் போடணுமில்ல, அதுக்கு நேரம் குடுக்கணுமேன்னு... இத்தன வருசமா உன் வீட்டுக்கு வந்தாலும் வாசல்ல செருமிட்டுத்தாண்டா வருவேன். தம்பி எனக்கு எவ்வளவு மரியாத குடுக்குறான்னு பெருமை வேற!" அவர் குரல் உடைந்தது. "என்ன மயித்து மரியாத... அன்னைக்கே கொட்டாய்க்குள்ள வந்து கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தா, இன்னைக்கு இந்தப் பொண்ணு என் கால்ல வந்து விழுந்திருக்குமா?"

பிறகு அவர் தம்பியை விட்டுவிட்டு, நேராகக் கலைமதியைப் பார்த்துப் பேசினார்.

"எந்திரிம்மா. நீ சோறு போடக் கூப்பிடல, காவலுக்குக் கூப்பிட்டேன்னு வந்த வாரமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. என்னப் பாத்தா பக்கத்துக் கடை பாய் கைய முதுகுக்குப் பின்னால கொண்டு போறாரு. இவன் நாக்கு வறண்டு நிக்கிறான். இல்லாட்டி எனக்குக் கல்லாவுல என்னம்மா வேலை? ஆனா இவ இப்படி ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரியிறான்னு மட்டும் யாரும் எனக்குச் சொல்லல."

ஜோதி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். கலைமதியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். ஜோதியின் முகம் கோணிக்கொண்டு போனது.

"ஏண்டி... இத என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட சொன்னா... நீங்க மாமாகிட்ட சொல்லாம இருப்பீங்களா அண்ணி?"

"இருக்க மாட்டேன்தான்..." என்று ஒப்புக்கொண்ட ஜோதி, சிரிப்பும் அழுகையுமாக அவளைக் கட்டிக்கொண்டாள். "என்ன மன்னிச்சுருடி மதி... நாக்குல சனி எனக்கு!"

கலைமதி மன்னித்தாளோ என்னவோ, ஜோதியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த நேரத்துக்குச் சாய ஏதோ ஒரு தோள் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் பெரியண்ணன் பையை எடுத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

"மறைக்கிறதுக்கு இருந்தாத்தான் நான் காவலு. இப்பதான் எல்லாம் சந்திக்கு வந்துருச்சே! இனிமேலும் எனக்குப் பயந்து விட்டான்னா, நான் கண்ண மூடினதும் பத்த வச்சிக்குவான். அவனா நிக்கட்டும்."

சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஊர் திரும்புகிற ஜோதிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பெரியண்ணன் கலைமதியைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"மறுபடி கூப்புடும்மா, வரேன். காவலுக்கு இல்ல, சோத்துக்கு. உப்பு மட்டும் பாத்துப் போடு."

பஸ் போய்விட்டது. லேசாக இருக்க வேண்டிய மனது கலைமதிக்குப் பயத்தில் கல்லாக இருந்தது. இப்போது அவளும் அவனும் மட்டும்தான். சுற்றிலும் டீக்கடைகள், பெட்டிக்கடைகள், புகை. இனி இவனோடு யார் பஸ்ஸில் போவது, யார் கல்லாவில் உட்காருவது? அவள் உட்காரலாம். வேவு பார்க்கலாம், சட்டையை மோந்து பார்க்கலாம், சண்டை போடலாம். நினைக்கும்போதே கை கால் எல்லாம் கழன்று விழுகிற மாதிரி இருந்தது.

"ஏங்க... ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என்னால இனிமே காவல் காக்க முடியாதுங்க. பிடிச்சா பிடிங்க, விட்டா விடுங்க. எனக்குத் தெம்பு இல்ல."

அவன் பெஞ்சைக் காட்டினான். "இங்கயே உக்காரு, வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். அவன் போன பெட்டிக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள். காதை எப்படி மூடுவது?

"வாங்கண்ணே, வாங்க!" பெட்டிக்கடை ஆசீரின் குரல் அது. தினமும் இங்கே பஸ் ஏறி இறங்குகிற தமிழ்மணிக்கு, வருஷக்கணக்காகக் கேட்காமலே சிகரெட் எடுத்துக் கொடுத்துப் பழகியவன். "பெரியவர ஏத்தி விட்டாச்சா? பாத்தேன், பாத்தேன். பாவம், நீங்களும் எத்தன மாசம்தான் வாயக் கட்டிக்கிட்டு இருப்பீங்க! இந்தாங்க, நம்ம பிராண்டு..."

கலைமதி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வேணாம் ஆசீரு."

"அட, அவருதான் போயிட்டாரேண்ணே! இனிமே யாருக்குப் பயம்?"

"யாருக்கும் பயம் இல்லப்பா. நான் விட்டுட்டேன்."

சிகரெட் மறுபடி பெட்டிக்குள் போகிற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டின் இரைச்சலில் அது எங்கே கேட்கப் போகிறது! அவன் இரண்டு கடலை மிட்டாயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுதான் தெரிந்தது. அவன் சட்டையில் வேர்வை வாடை மட்டும்தான் அடித்தது.

"ஏன் அழுவுற?"

"அழுவலையே... அசதியா இருக்குங்க. ரொம்ப அசதியா இருக்கு."

"சாஞ்சுக்க."

"இங்கயா? எல்லாரும் பாப்பாங்க..."

"பாக்கட்டும்."

அவன் தோளில் சாய்ந்த நிமிஷமே அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசிலடித்தார். தமிழ்மணி அவளை எழுப்பவில்லை. அடுத்த பஸ் வந்தபோதும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.